எல்லாருக்கும் ஒரே அளவுக் கல்: நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க

(ஐடி அணி தன்னார்வலர்கள் பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு "இரங்கல் பதிவுகள் போடுவது எப்படி". டெம்ப்ளேட், ஃபாண்ட், கலர், எந்த நேரத்துல போட்டா ரீச் வரும், இதெல்லாம் சொல்லுவேன்னு எதிர்பார்த்து வந்திருப்பீங்க. அதை அடுத்து பேசப்போற தோழர் என்னைவிட நல்லா சொல்லுவார். நான் உங்களை வேற ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். பஸ் செலவு கிடையாது, கற்பனையிலதான். ஆனா பேச்சு முடிஞ்சதும் நிஜமாவே ஒரு தடவை போயிட்டு வந்துடுங்க.

கத்திப்பாராவுல இருந்து பூந்தமல்லி ரோட்டுல திரும்புங்க. மெட்ரோ வேலை, லாரி, ஹாரன், தூசி. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு எத்தனையோ தடவை கண்காட்சி பார்க்கப் போயிருப்பீங்க. அதுக்குப் பக்கத்துலதான் இருக்கு, மெட்ராஸ் வார் சிமெட்ரி. தினமும் பல்லாயிரம் பேர் அந்த வாசலைத் தாண்டிப் போறாங்க. நூத்துல தொண்ணூறு பேர் அது ஏதோ மிலிட்டரி இடம், உள்ள விடமாட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டே போயிடுறாங்க. அப்படியெல்லாம் இல்லை. பார்வையாளர் நேரத்துல யார் வேணும்னாலும் போகலாம்.

உள்ள போனதும் முதல்ல காதுதான் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும். ரோட்டுச் சத்தம் பின்னாடி போயிடும். வெட்டிவிட்ட புல்தரை, நேர்கோட்டுல வரிசை வரிசையா கற்கள், ஒவ்வொரு வரிசையிலயும் பூச்செடி. நம்ம ஊர்ல அரசாங்கப் பூங்காவைக்கூட இவ்வளவு ஒழுங்கா பார்த்திருக்க மாட்டீங்க. இரண்டாம் உலகப்போர்க் காலத்துல இறந்த 850க்கும் மேற்பட்டவங்க இங்க இருக்காங்க. அதோட, முதல் உலகப்போர்ல இறந்த 1,000க்கும் அதிகமானவங்களோட பெயர்களைச் செதுக்கின நினைவுச் சின்னம் ஒண்ணும் உள்ளயே இருக்கு.

"சென்னையில எங்கப்பா யுத்தம் நடந்துச்சு?"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் வந்து எண்ணெய் டேங்க் மேல குண்டு போட்டுட்டுப் போனதை விட்டா, இங்க பெரிய சண்டை எதுவும் இல்லை. இங்க இருக்கிறவங்க எல்லாரும் சென்னையில செத்தவங்களும் இல்லை. தென்னிந்தியாவிலயும் கிழக்கு இந்தியாவிலயும் பல ஊர்கள்ல, பழைய கன்டோன்மென்ட் கல்லறைகள்ல, சர்ச் கல்லறைகள்ல புதைச்சிருந்தவங்க. அங்கெல்லாம் காலத்துக்கும் பராமரிக்க முடியாதுன்னு தெரிஞ்சதும், எடுத்துட்டு வந்து இங்க ஒரே இடத்துல அடக்கம் பண்ணாங்க. இன்னொரு விஷயம். சினிமாவுல காட்டுற மாதிரி யுத்தத்துல சாகிறவன் எல்லாம் குண்டடிபட்டுத்தான் சாகிறான்னு கிடையாது. மலேரியா, காலரா, விபத்து, பயிற்சியில கோளாறு. போர்முனையைக் கண்ணாலயே பார்க்காம செத்தவங்க ரெண்டு யுத்தத்திலயும் ஏராளம். அவங்களும் கணக்குல உண்டு.

இப்ப ஒரு கல்லுக்கு முன்னாடி குனிஞ்சு நில்லுங்க. மேல படைப்பிரிவோட சின்னம். அதுக்குக் கீழ எண், பதவி, பெயர், இறந்த தேதி, வயசு. மத அடையாளம். கடைசியில சிலதுல வீட்டுக்காரங்க எழுதின ஒரு வரி. இருபது, இருபத்திரெண்டு, இருபத்தஞ்சுன்னு வயசு வந்துக்கிட்டே இருக்கும். இந்த ஹால்ல உட்கார்ந்திருக்கிற நம்ம வயசு.

அந்தக் கடைசி வரியைப் பத்தி ஒண்ணு சொல்லணும். நம்ம ஆட்களுக்கு இது பிடிக்கும். முதல் உலகப்போர் முடிஞ்சதும், குடும்பத்தார் கல்லுல ஒரு வாசகம் போட்டுக்கலாம்னு அனுமதிச்சாங்க. ஆனா இடைவெளியோட சேர்த்து 66 எழுத்துதான். கேரக்டர் லிமிட்! ஒரு எழுத்துக்கு மூணரை பென்னி கட்டணம்னு முதல்ல சொன்னாங்க. ஏழை வீடு என்ன பண்ணும்னு எதிர்ப்பு வந்துச்சு. அப்புறம் விருப்பப்பட்டா கொடுங்கன்னு மாத்திட்டாங்க. நியூசிலாந்து ஒரு படி மேல போய், காசு இருக்கிறவன் எழுதுவான், இல்லாதவன் கல்லு வெறுமையா நிக்கும், அந்த வித்தியாசமே வேணாம்னு வாசகத்தையே அனுமதிக்கலை. மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா 66 எழுத்துக்குள்ள என்ன எழுதியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. நாம ஒரு இரங்கல் பதிவுக்கு முப்பது ஹேஷ்டேக் போடுறோம்.

சரி, நான் உங்களை இங்க கூட்டிட்டு வந்ததுக்குக் காரணம் புல்தரை இல்லை. கொஞ்சம் தள்ளி நின்னு மொத்த வரிசையையும் பாருங்க. எந்தக் கல்லு அதிகாரி, எந்தக் கல்லு சிப்பாய்னு தூரத்துல இருந்து சொல்லவே முடியாது. கிட்டப்போய் எழுத்தைப் படிச்சாத்தான் தெரியும். மேஜருக்குப் பெரிய கல்லு, சமையல்காரருக்குச் சின்னக் கல்லுன்னு கிடையாது. பணக்கார வீட்டுப் பையனுக்குப் பளிங்கு மண்டபம் கிடையாது.

இது தானா வந்ததுன்னு நினைக்காதீங்க. இதுக்குப் பின்னாடி நாடாளுமன்றம் வரைக்கும் போன ஒரு அரசியல் சண்டை இருக்கு.

அதுக்கு முந்தின யுத்தங்கள்ல அதிகாரிகளுக்குத்தான் பெயரோட சமாதி. சாதாரண சிப்பாயை மொத்தமா ஒரு குழியில போட்டு மூடிடுவாங்க. 1915 ஏப்ரல்ல வில்லியம் கிளாட்ஸ்டன்னு ஒரு இளம் அதிகாரி பிரான்சுல இறந்தார். அவர் பிரிட்டன் பிரதமரா இருந்த கிளாட்ஸ்டனோட பேரன், அவரே எம்.பி.யும்கூட. செல்வாக்கு உள்ள குடும்பம். உடலைத் தோண்டி எடுத்து ஊருக்குக் கொண்டுபோயிட்டாங்க. அதே வாரத்துல செத்த ஆயிரக்கணக்கான கூலிக்காரப் பிள்ளைகளோட அம்மாக்களுக்கு அந்த வாய்ப்பு உண்டா? செஞ்சிலுவைச் சங்க வாகனப் பிரிவுக்குத் தலைவரா போன ஃபேபியன் வேர்னு ஒருத்தர், யார் எங்க புதைக்கப்பட்டாங்கன்னு ஒவ்வொரு கல்லறையா பதிவு பண்ணிக்கிட்டிருந்தார். அந்த வருஷமே, இனிமே யாரோட உடலையும் ஊருக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு தடை வந்துச்சு. பிரபு மகனும் உழவன் மகனும் செத்த மண்ணுலயே பக்கத்துப் பக்கத்துல.

1917 மே 21ல் அரச சாசனம் மூலமா போர்க் கல்லறை ஆணையம் உருவாச்சு. அடுத்த வருஷம் பிரிட்டிஷ் மியூசியத்தோட இயக்குநர் ஃப்ரெடரிக் கென்யான் ஒரு அறிக்கை கொடுத்தார்: பதவி பார்க்காம எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கல். உடனே எதிர்ப்பு கிளம்புச்சு. எங்க பிள்ளைக்கு எங்க செலவுல சிலுவை வச்சுக்கிறோம், நீங்க யாரு தடுக்கன்னு சுமார் 8,000 பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தாங்க. பிள்ளையைப் பறிகொடுத்த பெத்தவங்கதான் அதுல நிறைய பேர். அவங்க வலியைக் கேலி பண்ண முடியாது. 1920 மே 4ல் விஷயம் காமன்ஸ் சபைக்கு வந்துச்சு. அங்க சமத்துவக் கல்லுக்காகப் பேசினவர்களில் ஒருத்தர் போர்த்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். ஆமா, அதே சர்ச்சில்தான். 1943 வங்கப் பஞ்சத்துல நம்ம ஜனங்க லட்சக்கணக்குல செத்தப்போ அவர் எப்படி நடந்துக்கிட்டார்னு உங்களுக்கே தெரியும். ஒரே மனுஷன் ஒரு இடத்துல சமத்துவம் பேசுவான், இன்னொரு இடத்துல கண்ணை மூடிக்குவான். அரசியல்ல இருக்கிற நமக்கு இது புதுசு இல்லை.

அந்தக் கண்ணை மூடின கதைக்குத்தான் இப்ப வர்றேன்.

ஈராக்ல பாஸ்ரா நினைவுச் சின்னம்னு ஒண்ணு இருக்கு. முதல் உலகப்போர்ல மெசபடோமியாவுல செத்து, கல்லறை எங்கன்னு தெரியாமப்போன 40,000க்கும் அதிகமானவங்களுக்கானது. அதுல பெரும்பான்மை இந்தியர்கள். நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு அங்க பாலம் கட்டி, பாதை போட்டு, சண்டையும் போட்டிருக்கு. அந்தச் சுவர்ல பிரிட்டிஷ் சிப்பாய்கள் பெயரை ஒவ்வொண்ணா செதுக்கினாங்க. இந்தியர்கள்ல அதிகாரிகள் பெயரை மட்டும் செதுக்கினாங்க. இந்திய சிப்பாய்க்கு? படைப்பிரிவுப் பெயர், கீழ எத்தனை பேர்னு ஒரு எண்ணிக்கை. முடிஞ்சது.

ஒரே அரசு, ஒரே ஆணையம், ஒரே கொள்கை. பிரான்சுல நூவ்-ஷாப்பெல்ல 1927ல் திறந்த இந்திய நினைவுச் சின்னத்துல 4,700க்கும் அதிகமான நம்ம ஆட்களோட பெயரைத் தனித்தனியா செதுக்கியிருக்காங்க. அது ஐரோப்பா, நாலு பேர் வந்து பார்ப்பாங்க. பாஸ்ராவுக்கு யாரு வரப்போறா? லண்டன்ல இருந்து தூரம் போகப்போக சமத்துவம் தேய்ஞ்சுக்கிட்டே போகுது.

கிழக்கு ஆப்பிரிக்கா இன்னும் மோசம். 1914 நவம்பர்ல, இன்னைக்குத் தான்சானியாவுல இருக்கிற டாங்கா துறைமுகத்துல நடந்த சண்டையில 63வது பாளையங்கோட்டை காலாட்படைன்னு ஒரு பிரிவு இருந்துச்சு. பெயரைக் கவனிங்க: பாளையங்கோட்டை! சென்னை மாகாணத்துப் படை. கப்பல்ல வாரக்கணக்கா அடைச்சுக் கொண்டுபோய், நோயும் வாந்தியுமா இறக்கிவிட்டு, தெரியாத காட்டுல மெஷின் கன்னுக்கு முன்னாடி நிறுத்தினாங்க. தோல்வி. அந்தப் போர்க்களத்துல சுமை தூக்கின ஆப்பிரிக்கர்கள் எத்தனை பேர் செத்தாங்கங்கிற கணக்கையே சரியா வைக்கலை. 1923ல் கோல்ட் கோஸ்ட் கவர்னரா இருந்தவர், சராசரி உள்ளூர்க்காரனுக்குக் கல்லறைக் கல்லோட அருமை புரியாதுங்கிற அர்த்தத்துல பேசினது பதிவுல இருக்கு. புரியாதாம். தன் மகன் எங்க கிடக்கிறான்னு தெரிஞ்சுக்க ஆசைப்படுறதுக்கு என்ன படிப்பு வேணும்?

இதை நான் கோபத்துல சொல்லலை. ஆணையமே ஒத்துக்கிட்டது. 2021 ஏப்ரல்ல வெளிவந்த அவங்களோட சொந்த விசாரணை அறிக்கை சொல்லுது: முதல் உலகப்போர்ல இறந்த 45,000ல இருந்து 54,000 பேர் வரைக்கும் மத்தவங்களுக்குச் சமமில்லாத முறையில நினைவுகூரப்பட்டாங்க. இன்னும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும்கூட, பெயர் சொல்லியோ அல்லது எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவே இல்லை. ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள், நம்ம இந்தியர்கள். ஆணையமும் பிரிட்டன் அரசும் மன்னிப்பு கேட்டாங்க. நூறு வருஷம் கழிச்சு.

அதனால நந்தம்பாக்கத்துல நிக்கும்போது ரெண்டு விஷயத்தையும் சேர்த்தே மனசுல வையுங்க. இந்தச் சமத்துவம் உண்மை. இந்தச் சமத்துவத்துல நம்ம ஆளுக்கு இடமில்லாமப் போன ஊர்கள் உண்டுங்கிறதும் உண்மை. ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை மறைக்க வேண்டாம். வாட்ஸ்அப்ல பாதியை மட்டும் அனுப்புற வேலையை மத்தவங்க பார்த்துக்குவாங்க.

அப்புறம், அங்க படுத்திருக்கிற இருபது வயசு வெள்ளைக்காரப் பையன் மேல கோபப்பட்டு ஒண்ணும் ஆகாது. அவனும் யாரோ அனுப்பி வந்தவன்தான். வேலை இல்லாத ஊர்ல இருந்து பட்டாளத்துக்குப் போறவனை நமக்குத் தெரியாதா? தமிழ்நாட்டுல பட்டாளத்து ஊர்னு பெயர் எடுத்த எத்தனை கிராமம் இருக்கு. வீட்டுக்கு ஒருத்தர் போயிருப்பாங்க. ரெண்டு உலகப்போரையும் சேர்த்தா இந்தியாவுல இருந்து போனவங்க 35 லட்சத்துக்கும் மேல. முதல் போர்ல சுமார் 74,000 பேர், ரெண்டாவதுல சுமார் 87,000 பேர் திரும்பி வரலை.

உங்க ஊர்லயே இதுக்குச் சாட்சி இருக்கலாம். பழைய பள்ளிக்கூடச் சுவர், சாவடி, மணிக்கூண்டு, ஊர்ப் பொதுக் கட்டடம், இங்கெல்லாம் ஒரு சின்னக் கல்வெட்டு பதிச்சிருப்பாங்க. 1914-1919 மகா யுத்தத்துக்கு இந்த ஊர்ல இருந்து இத்தனை பேர் போனாங்க, அதுல இத்தனை பேர் உயிர் கொடுத்தாங்கன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கும். தமிழ்நாட்டுல பல ஊர்கள்ல இது உண்டு. அதுலயும் பாருங்க, எண்ணிக்கைதான். பெயர் இல்லை. மேல நாலு தடவை சுண்ணாம்பு அடிச்சு, பக்கத்துல நம்ம போஸ்டரும் ஒட்டி, எழுத்தே மறைஞ்சு கிடக்கும்.

இதுல எனக்கு உறுத்துறது என்னன்னா, செத்தவன் பெயரைக் கல்லுல வெட்டுறது நமக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம் இல்லை. நடுகல் நம்மளோடது. தொல்காப்பியத்துலயே அதுக்கு முறை இருக்கு: கல்லைத் தேடிப் பார்த்து, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, சிறப்பு செஞ்சு, வாழ்த்துறது வரைக்கும் ஒவ்வொரு படியா. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில 2006ல் கண்டுபிடிச்ச நடுகற்கள்ல தமிழி எழுத்து இருக்கு. அதுல ஒண்ணு, கூடலூர்ல ஆநிரை கவர்ந்த சண்டையில இறந்த தீயன் அந்தவன்னு ஒருத்தருக்கு நட்டது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி மாட்டுக்காகச் செத்த ஒரு ஆளோட பெயர் இன்னைக்கும் நம்மால வாசிக்க முடியுது.

அதைவிட இன்னொண்ணு. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்துல எடுத்தனூர் நடுகல். மகேந்திரவர்மப் பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. வீரன் உருவத்துக்குப் பின்னாடி ஒரு நாய் நிக்கும். வீரன் செத்ததும் அந்த நாய் திருடனுங்களைக் கடிச்சு விரட்டிக் காவல் நின்னதாம். கல்லுல அந்த நாயோட பெயரையும் வெட்டி வச்சிருக்காங்க: கோவிவன். ஒரு நாய்க்குக்கூட பெயர் சொல்லி மரியாதை செஞ்ச மண்ணு இது. அந்த மண்ணுல இருந்து போன சிப்பாய்க்கு பாஸ்ரா சுவர்ல பெயர் இல்லை.

உடனே கை தட்டாதீங்க. இதோட நிறுத்தினா இது வழக்கமான பெருமைப் பேச்சு. அடுத்த பக்கத்தையும் புரட்டணும்.

நந்தம்பாக்கத்துல மேஜரும் சிப்பாயும் ஒரே வரிசையில கிடக்கிறதைப் பார்த்துட்டு வெளிய வந்து, நம்ம ஊர் சுடுகாட்டை நினைச்சுப் பாருங்க. ஊருக்கு ஒண்ணு, காலனிக்கு ஒண்ணு. ஒண்ணுக்கு சிமெண்ட் ரோடு, தகனமேடை, தண்ணித்தொட்டி. இன்னொண்ணுக்கு முள்ளுக்காடு, வாய்க்கால் தாண்டி. 2019 ஆகஸ்ட்ல வாணியம்பாடி பக்கத்துல நாராயணபுரத்துல என்ன நடந்துச்சுன்னு நீங்க எல்லாரும் வீடியோ பார்த்தீங்க. சுடுகாட்டுக்குப் போற வழி அடைபட்டதால, தலித் ஒருத்தரோட உடலைப் பாலத்து மேல இருந்து கயிறு கட்டி கீழ இறக்கினாங்க. உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துச்சு. பாடை கட்டி இறக்கினதைப் பார்த்தவங்க யாருக்கும் அந்தக் காட்சி மறக்காது.

பட்டாளத்துக்காரனா இருந்தா தப்பிச்சிடலாமா? 2016 ஜூன்ல காஷ்மீர் பாம்போர்ல சிஆர்பிஎஃப் வண்டி மேல நடந்த தாக்குதல்ல எட்டு வீரர்கள் இறந்தாங்க. அதுல ஒருத்தர் உத்தரப்பிரதேசம், ஃபிரோசாபாத் மாவட்டத்துக்காரர். ஒடுக்கப்பட்ட சமூகம், தகரக்கூரை வீடு. தேசியக்கொடி போர்த்தின உடல் ஊருக்கு வருது. பொது நிலத்துல எரிக்க ஊர்ல ஆதிக்க சாதிக்காரங்க ஆட்சேபம் பண்றாங்க. அதிகாரிகள் வந்து மணிக்கணக்கா பேசின பிறகுதான் பத்துக்குப் பத்து மீட்டர் இடம் கிடைச்சுச்சு. நாட்டுக்காக உயிரையே கொடுத்தவருக்கு நூறு சதுர மீட்டர் மண்ணுக்குப் பேச்சுவார்த்தை!

பாஸ்ராவுல வெள்ளைக்காரன் பண்ணினதைப் பேசும்போது நம்ம குரல் உயருது, சரி. ஃபிரோசாபாத்தைப் பேசும்போதும் அதே உயரத்துல இருக்கணும். நாராயணபுரத்தைப் பேசும்போது இன்னும் ஒரு கட்டை கூட இருக்கணும், ஏன்னா அது நம்ம வீட்டுத் திண்ணை.

ஒரு நியாயத்தையும் சொல்லிடறேன். சுதந்திர இந்தியா பெயரை மறக்கலை. டெல்லியில 2019 பிப்ரவரி 25ல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்துல, சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த 25,942 வீரர்களோட பெயரைக் கிரானைட் கல்லுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு கல்லா பொறிச்சிருக்காங்க. அங்க சாதி வரிசை கிடையாது. டெல்லியில முடியுறது ஊர் சுடுகாட்டுல ஏன் முடியலைங்கிறதுதான் கேள்வி.

இப்ப தலைப்புக்கு வந்துட்டேன். இரங்கல் பதிவு.

ஒரு வீரர் இறந்த செய்தி வருது. பத்து நிமிஷத்துல எல்லாக் கட்சிப் பக்கத்திலயும் கார்டு ரெடி. மேல தலைவர் படம், கீழ மாவட்டம் படம், ஓரத்துல கார்டு பண்ணின தோழரோட படம்கூட இருக்கும். இறந்தவர் படம் எங்க இருக்குன்னு ஜூம் பண்ணித்தான் தேடணும். பதவி தப்பா இருக்கும், ஊர் தப்பா இருக்கும், சில நேரம் படமே வேற யாரோடதாவோ இருக்கும். அந்த வீட்டுல அன்னைக்கு யாராவது போனைத் திறந்து பார்ப்பாங்கன்னு யோசிச்சாலே போதும், கை தானா நின்னு சரிபார்க்கும்.

நந்தம்பாக்கத்துக் கல்லை டெம்ப்ளேட்டா எடுத்துக்கோங்க. பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள், வயசு. வீட்டுக்காரங்க சம்மதிச்சா ஒரு வரி. எல்லாருக்கும் ஒரே அளவு. நம்ம கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைன்னா பெரிய கார்டு, அடுத்த கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைன்னா ஸ்டோரியில மட்டும், இந்த வேலை வேண்டாம். ஹவில்தாருக்கும் மேஜருக்கும் ஒரே டிசைன். தலைவர் படம் இல்லாம ஒரு கார்டு போனா தலைவர் ஒண்ணும் குறைஞ்சு போகமாட்டார். (அண்ணன்கள் சிரிக்கிறாங்க. ஒத்துக்கிட்டதா எடுத்துக்கிறேன்.)

2020 ஜூன்ல கல்வான்ல ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி இறந்தப்போ தமிழ்நாடே அழுதுச்சு. அழணும்தான். அன்னைக்கு அங்க இறந்தவங்க மொத்தம் 20 பேர். மீதி 19 பேர்ல ஒருத்தர் பெயரையாவது இந்த ஹால்ல யாராலயாவது சொல்ல முடியுமா? பீகார், பஞ்சாப், ஒடிசா, தெலங்கானான்னு ஒவ்வொரு ஊர்லயும் ஒரு வீடு இருக்கு. வீட்டுக்குப் போய்த் தேடிப் படிச்சுப் பாருங்க.

அப்புறம் வேலை. நம்மகிட்ட ஆள் இருக்கு, போன் இருக்கு, எக்ஸெல் தெரியும். பஞ்சாப்ல முதல் உலகப்போருக்குப் போன 3,20,000 பேரோட பதிவேடு லாகூர் அருங்காட்சியகத்துல பல பத்து வருஷமா கேட்பாரற்றுக் கிடந்துச்சு. அதுல ஒரு பகுதியை டிஜிட்டல் ஆக்கி 2021ல் இணையத்துல போட்டாங்க. பிரிட்டன்ல குடியேறிய குடும்பங்கள் கொள்ளுத்தாத்தா பெயரை ஊர் பெயர் போட்டுத் தேடி எடுத்தாங்க. இங்கயும் அதுல கொஞ்சமாவது செய்ய முடியும். போர்க் கல்லறை ஆணையத்தோட இணையதளத்துல பெயர், படைப்பிரிவு, நாடு, தேதி போட்டுத் தேடலாம். வந்த பட்டியலை அப்படியே இறக்கிக்கலாம். மெட்ராஸ் சாப்பர்ஸ், மெட்ராஸ் ரெஜிமென்ட், பாளையங்கோட்டை, கர்நாடிக் படைப்பிரிவுகள்னு போட்டுப் பாருங்க. சில பதிவுகள்ல அப்பா பெயரும் ஊர், தாலுகா பெயரும்கூட இருக்கும். ஸ்பெல்லிங் கண்டபடி இருக்கும், அன்னைக்கு எழுதின குமாஸ்தா காதுல விழுந்த மாதிரி எழுதியிருப்பான். அந்த ஊர்க்காரங்க நாமதான், நமக்குத்தான் அது எந்த ஊர்னு பிடிபடும்.

நந்தம்பாக்கம் போறவங்களுக்கு: கல்லு மேல உட்காராதீங்க, சாயாதீங்க. கட்சிக் கொடி, துண்டு எல்லாம் பையிலயே இருக்கட்டும். ரீல்ஸ் வேண்டாம். செல்ஃபி எடுத்தே ஆகணும்னா ரோட்டுக்கு எதிர்ல டீக்கடை இருந்தா அங்க எடுத்துக்கோங்க. தோட்டத்துல வேலை பார்க்கிறவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க, வெயில்ல அந்தப் புல்லைப் பச்சையா வச்சிருக்கிறது அவங்கதான். முதல் உலகப்போர் பெயர்ப் பலகை முன்னாடி நின்னு ஒரு பத்து பெயரையாவது வாய்விட்டுப் படிங்க.

ஊருக்குப் போறவங்களுக்கு: பழைய கட்டடச் சுவர்ல யுத்தக் கல்வெட்டு இருக்கான்னு பாருங்க. இருந்தா அது மேல ஒட்டியிருக்கிற போஸ்டரை, அது நம்மளோடதா இருந்தாலும், ஈரத்துணி போட்டு மெதுவா எடுங்க. கத்தி வச்சுச் சுரண்டாதீங்க, எழுத்து போயிடும். படம் எடுத்து, ஊர், ஒன்றியம், மாவட்டம், போனது எத்தனை பேர், திரும்பாதது எத்தனை பேர்னு எழுதி மாவட்ட அமைப்பாளருக்கு அனுப்புங்க. கையோட ஊர்ல வயசான தாத்தா பாட்டிகிட்ட உட்கார்ந்து, பட்டாளத்துக்குப் போய் வராமப்போனவங்க யார் யாருன்னு கேளுங்க. ஒரு பெயர் கிடைச்சாலும் எழுதுங்க. அப்படியே ரெண்டு சுடுகாட்டுக்கும் நடந்து போய், ரெண்டுக்கும் போற பாதை எப்படி இருக்குன்னு தனித்தனியா படம் எடுத்து அதே மெயில்ல சேர்த்து அனுப்பிடுங்க. பட்டியலை யார் தொகுக்கிறதுன்னு சாப்பாட்டு இடைவேளையில பேசிக்கலாம்.